உனக்கு விழுந்த சதுரம்

பாரிஸில் இருக்கும் தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். போட்டியின் தலைப்பு ‘நகரமும் தண்ணீரும்’, ஐந்து படங்கள் கொண்ட தொடராக அனுப்ப வேண்டும், எல்லாம் பாரிஸ் எல்லைக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், டிசம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பது உன் கேள்வி.

மழைக் குட்டையில் தலைகீழாகத் தெரியும் ஈஃபில் கோபுரம், மூன்றாம் அலெக்ஸாந்தர் பாலத்து விளக்குகள் சேன் நதியில் நெளிவது, லூவ்ர் கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னாலிருக்கும் நீர்த்தொட்டி. இந்த மூன்றையும் முதலில் எடுத்துவிடு. மோசமான படங்கள் என்று சொல்லவில்லை. கோணம் சுத்தம், வெளிச்சம் சுத்தம். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் சுற்றில் படங்கள் திரையில் தீப்பெட்டி அளவில் வரிசை வரிசையாக ஓடும். ஒரு படத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அந்த ஓட்டத்தில் பத்துப் பேர் குட்டைக்குள் கோபுரத்தை அனுப்பியிருந்தால் பத்தும் சேர்ந்தே விழும். அதில் உன்னுடையது எது என்று தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

அடுத்தது, லாச்சப்பல் பகுதியில் நம்மவர்கள் நடத்தும் தேர்த் திருவிழாப் படங்கள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு அந்த ஊர்ப் போட்டிக்குப் படம் அனுப்புகிறவனை இரண்டு கை பிடித்து இழுக்கும். ஒன்று, அந்த ஊரின் வாழ்த்து அட்டை. நீ போய் இறங்கிய நாளிலிருந்து இங்கே எல்லோரும் ‘கோபுரம் எங்கேடா, படம் போடு’ என்று கேட்டுக் கேட்டு உன் கை அதற்கே பழகிவிட்டது. மற்றது, நம் ஊர் ஏக்கம். எங்கே வாழை இலை தெரிகிறதோ அங்கே கேமரா தானாகத் திரும்பும். இந்த இரண்டு வகைப் படத்திலும் நீ அந்த ஊரில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறாய் என்பது தெரியாது. நாலு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் கையில் உன்னுடையதைவிட விலை கூடிய கேமரா இருக்கலாம். உன் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்து விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். போட்டியில் உன் கைமுதல் அதுதான்.

நீ இருக்கும் ஊரிலேயே நடந்த ஒரு பழைய போட்டியைச் சொல்கிறேன். 1970 மே மாதம், ஃப்னாக் நிறுவனம் அமெச்சூர் புகைப்படக்காரர்களுக்காக ஒரு போட்டி வைத்தது. பாரிஸ் வரைபடத்தின் மேல் 250 மீட்டருக்கு 250 மீட்டர் என்று கட்டம் போட்டார்கள். 1,700க்கும் மேற்பட்ட சதுரங்கள். யாருக்கு எந்தச் சதுரம் என்பது குலுக்கலில் விழும். உன் சதுரத்தில் என்ன இருக்கிறதோ அதை எடு, அவ்வளவுதான் போட்டி. நோத்ர்தாம் யாரோ சிலருக்கு விழுந்திருக்கும். மற்ற ஆயிரக்கணக்கான பேருக்கு விழுந்தது ரயில்வே மதில்சுவர், ஆஸ்பத்திரியின் பின்வாசல், பெயர்ப்பலகை மங்கிப்போன கசாப்புக் கடை, மண்ணைத் தோண்டிப் போட்டிருந்த வட்டச்சாலை. அந்தப் பெரிஃபெரிக் சாலை வேலை 1973இல்தான் முடிந்தது.

ஒரே மாதத்தில் வந்து குவிந்தவை ஏறத்தாழ 1,00,000 படங்கள். 70,000 கறுப்பு வெள்ளைப் பிரதிகள், 30,000 வண்ண ஸ்லைடுகள். இன்று அவை பாரிஸ் நகர வரலாற்று நூலகத்தில் இருக்கின்றன. லே ஆல் சந்தைப் பகுதி விழுந்தவர்களை நினைத்துப் பார். மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதி 1969இல் புறநகரான ரன்ஜிஸுக்குப் போய்விட்டது. இரும்புக் கொட்டகைகளை 1971இலிருந்து இடிக்கத் தொடங்கினார்கள். நடுவில் இருந்த அந்த வசந்தத்தில், வியாபாரி யாரும் இல்லாத கொட்டகைக்குள் ஒருவர் தன் கட்டத்துக்கான படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். பரிசு யாருக்குப் போயிற்று என்று இன்று யாரும் கேட்பதில்லை. 1970இல் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று கேட்டு வருகிறார்கள்.

அதே நூலகத்துக்கு, அதற்கு அறுபது எழுபது வருடம் முன்னால், எழேன் அட்ஜே என்பவர் படங்களை விற்றுக்கொண்டிருந்தார். 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் பெரிய மரக் கேமராவைச் சுமந்துகொண்டு விடிகாலையில் புறப்படுவார். படிக்கட்டு, கதவுக் கைப்பிடி, கடை முகப்பு, முற்றத்துக் குழாய் என்று இடிபடப் போகிற பழைய பாரிஸை எடுத்தார். ஓவியர்களுக்கான ஆவணங்கள் என்றுதான் தன் படங்களைச் சொல்லிக்கொண்டார். கலைஞன் என்று காட்டிக்கொள்ளும் அவசரம் அவருக்கு இருக்கவில்லை. உனக்கும் இந்த ஒரு மாதம் அந்த அவசரம் வேண்டாம்.

ஆகவே வரைபடத்தில் உன் அறையை மையமாக வைத்து நீயே ஒரு சதுரம் போட்டுக்கொள். 250 மீட்டர் போதாது என்றால் கொஞ்சம் இழுத்துக்கொள், நான் கணக்குப் பார்க்க மாட்டேன். ஆனால் மெட்ரோ ஏறிப் போய் எடுக்க வேண்டிய எதுவும் அதற்குள் வரக்கூடாது.

முதலில் தெரு ஓரத்துத் தண்ணீர். உனக்கு அது தினசரிக் காட்சி என்பதால் நீ படமாகவே நினைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு படம்கூட அனுப்பவில்லை. பாரிஸில் தண்ணீருக்கு இரண்டு தனித்தனிக் குழாய் வலைகள். ஒன்று குடிக்க. மற்றது தெரு கழுவவும் பூங்காவுக்கு விடவும். 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் எழேன் பெல்க்ரான் காலத்தில் வந்த ஏற்பாடு. இரண்டாவது வலையில் வருவது உர்க் கால்வாய்த் தண்ணீரும் சேன் தண்ணீரும். நடைபாதை ஓரத்தில் இருக்கும் வாயைச் சாவி போட்டுத் திறந்தால் தண்ணீர் குபுகுபுவென்று வந்து ஓரமாக ஓடும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒரு பழைய கம்பளத் துண்டு. சுருட்டிக் கயிறு கட்டி, தண்ணீர் வரும் வாய்க்குப் பக்கத்தில் குறுக்கே போட்டிருப்பார்கள். பச்சை உடுப்பில் வருகிற துப்புரவுத் தொழிலாளி அதைக் காலாலேயே தள்ளி ஓட்டத்தைத் திருப்புவார். பிறகு பச்சை பிளாஸ்டிக் துடைப்பத்தால் இலை, சிகரெட் துண்டு, நேற்றைய ரசீது எல்லாவற்றையும் அந்த ஓட்டத்தோடு அனுப்புவார். சுற்றுலாப் பயணி இதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவார். உலகத்துப் பெரிய நகரங்களில் ஒன்று தன் காலைக் கடனைக் கந்தல் சுருளை வைத்து நடத்துகிறது என்பதில் ஐந்தில் இரண்டு படமாவது இருக்கிறது.

எப்படி எடுப்பது? இது நவம்பர். அங்கே எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், வேலை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். தெரு விளக்கு இருக்கும்போதே போ. கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கு. நின்றபடி எடுத்தால் தண்ணீர் வெறும் கறுப்புப் பட்டையாகத்தான் தெரியும். தாழ வந்தால் வானமும் விளக்கும் அதில் வந்து விழும். ஷட்டரை 1/1000இல் வைத்தால் துளிகள் கண்ணாடி மணியாக உறையும், விளம்பரப் படம் போலாகிவிடும். 1/15இல் வைத்து, மூச்சைப் பிடித்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி எடுத்துப் பார். தண்ணீர் நூலாக இழையும். துடைப்பம் கொஞ்சம் கலங்கும். ஊன்றி நிற்கிற பூட்ஸ் மட்டும் அசையாமல் நிற்கும். அந்த பூட்ஸில் குவியம் விழட்டும்.

இருட்டில் ஈரக் கல்லை எடுப்பதற்கு ஒரு வாத்தியார் உண்டு, அவரும் வெளியூர்க்காரர்தான். பிராசாய். பிறந்த ஊர் பிராஷோ, அன்று ஹங்கேரி, இன்று ருமேனியா. 1924இல் பாரிஸுக்கு வந்து, இரவு முழுக்க நடந்து திரிந்து, ‘இரவில் பாரிஸ்’ என்ற புத்தகத்தை 1930களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். வெளிச்சத்துக்கு ஒரு வகை சிகரெட், இருட்டுக்கு நின்று எரியும் தடித்த சிகரெட் என்று வைத்துக்கொண்டு, அது எரியும் நேரத்தைத்தான் எக்ஸ்போஷர் கணக்காக வைத்திருந்ததாகச் சொல்வார். (நீ புகைக்க ஆரம்பிக்க இதைச் சாக்காக வைக்காதே, உன் அம்மா என்னைத்தான் கேட்பார்கள்.) எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பல படங்களில் விளக்கை நேராகச் சட்டகத்துக்குள் விடமாட்டார். மரத்துக்கோ கடைக்கோ பின்னால் மறைத்து, ஒளி மட்டும் ஈரக் கல்லில் விழும்படி நிற்பார். மழையும் பனிமூட்டமும் இருட்டை மென்மையாக்கும் என்று தெரிந்து அதற்காகவே காத்திருந்தவர்.

பகல் வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. நீ படம் பழகியது மதுரை வெயிலில். பத்து மணிக்கு மேல் எடுக்காதே என்று நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது அங்கே செல்லாது. பாரிஸ் 48 டிகிரி அட்சரேகையைத் தாண்டி வடக்கே இருக்கிறது. டிசம்பரில் நடுப்பகலிலும் சூரியன் 18 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். வெயில் அடித்தால் நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம், நிழல் தெருவின் எதிர்ச்சுவர் வரை நீளும். மேகம் மூடினால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நம் ஆட்கள் உடனே கணினியில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, வண்ணத்தைக் கூட்டி, தீபாவளி ஆக்கிவிடுவார்கள். அனுப்பியதில் இருந்த கால்வாய்ப் படத்தில் நீயும் அதைச் செய்திருக்கிறாய். துத்தநாகக் கூரை, சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர் என்று மூன்று சாம்பலும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். அதற்கு எக்ஸ்போஷரைச் சரியாக வை, பிறகு கையை எடுத்துவிடு.

இப்போது உன் கட்டடத்துக்குள் வருவோம். ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பழைய வேலைக்காரிகள் அறை. வாடகைக்கு விட 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். உன் அறை அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் என்று நினைக்கிறேன். கழிப்பறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் நடையில், நாலு அறைக்குப் பொது என்றாய். நகரமும் தண்ணீரும் என்கிற தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடத்தை நான் எங்கே போய்த் தேட? அந்தக் குழாய்க்குக் கீழே இருக்கும் தொட்டியின் எனாமல் எங்கே பெயர்ந்திருக்கிறது, பக்கத்து அறைக்காரர் சோப்பை எதில் வைக்கிறார், சுவரில் யாராவது கழுவும் முறை எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று பார். ஆள் இல்லாத படமாக இருந்தாலும் நாலு பேர் அதில் இருப்பார்கள்.

அறையில் வாஷிங் மெஷினுக்கு இடமில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை காசு போட்டுத் துவைக்கிற கடை. அங்கே உட்கார்ந்து எனக்குத் தொலைபேசுவாய், பின்னால் டிரம் சுற்றும் சத்தம் கேட்கும். வரிசையாக வட்டக் கண்ணாடிகள், நுரை, அதன் மேல் எதிர் பெஞ்சில் காத்திருக்கும் ஆட்களின் நிழல். குளிர் நாளில் முகப்புக் கண்ணாடி ஆவி படிந்து, உள்ளே இருக்கிற விளக்கு மட்டும் மஞ்சளாக வெளியே கசியும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று, உள்ளே முழங்கால் உயரத்திலிருந்து ஒன்று எடு. இரண்டில் ஒன்றைத்தான் வைக்கப் போகிறோம்.

வாலஸ் நீரூற்று உன் சதுரத்துக்குள் வருகிறதா என்று பார். கரும்பச்சை வார்ப்பிரும்பு, நாலு பெண்கள் கூரையைத் தாங்கி நிற்பார்கள், நடுவில் நூல் மாதிரித் தண்ணீர் விழும். 1870–71 முற்றுகையிலும் கம்யூன் சண்டையிலும் நகரத்தின் தண்ணீர் விநியோகம் சீர்குலைந்து, ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் போனபோது, அங்கே குடியிருந்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872இல் தன் செலவில் நிறுவியவை. சிற்பி சார்ல் ஒகுஸ்த் லெபூர். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் வைக்கிற மனசுதான், ஆனால் எல்லோரும் அந்தச் சிலைகளை எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீ குடிக்க வருகிறவர்களை எடு. சாப்பாடு கொண்டுபோகும் சைக்கிள் பையன்கள் பாட்டில் நிரப்புவதை நீயே சொல்லியிருக்கிறாய். உறைபனிக்குப் பயந்து நவம்பர் நடுவில் நிறுத்திவிட்டு மார்ச்சில்தான் திறப்பார்கள், அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடி.

சேன் நதிப் படங்களை அதிகம் சொல்ல மாட்டேன். அல்மா பாலத்துச் சிப்பாய் சிலையின் எந்த இடம் வரை வெள்ளம் வந்தது என்பதை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆயிரம் பேர் எடுக்கிறார்கள். நதியின் மட்டம் 1910இல் 8.62 மீட்டர், 2016இல் 6.10. நூறு வருடத் தடைக்குப் பிறகு 2025 ஜூலையில் பொதுமக்கள் நதியில் இறங்கிக் குளித்ததையும் நிறையப் பேர் அனுப்புவார்கள். விட்டுவிடு.

லாச்சப்பல் தேருக்கு வருகிறேன். காவடி, தேர், கூட்டம், பின்னால் மெட்ரோ பாலம். பார்க்கிற பிரெஞ்சுக்காரருக்கு அது வண்ணமயமான வெளிநாட்டுத் திருவிழா. நமக்கு அது வழக்கமான திருவிழாப் படம். உன் கேமராவுக்கு அங்கே புதிதாக வேலை எதுவும் இல்லை. ஆனால் நீ கழித்துவிட்ட கோப்புகளுக்கு நடுவே மங்கலாக ஒன்று கிடந்தது. தேர் போன பிறகு, உடைத்த தேங்காய் ஓடுகள் குவிந்து, தேங்காய்த் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடி, நடைபாதை ஓரத்துச் சாக்கடை வாயை நோக்கி இறங்குகிறது. ஓரத்தில் பச்சைத் துடைப்பத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அந்த நுனிக்குச் சொந்தக்காரர் சட்டகத்துக்குள் வருகிற படம் இருக்கிறதா என்று அன்றைய கோப்பு முழுவதையும் திரும்பப் பார். இருந்தால் உன் தொடருக்கு அதுதான் நடுப்படம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாற்பது வருடமாகப் பாரிஸில் இருக்கிறார்கள் என்பதும், அந்த நகரம் அவர்களுக்குப் பின்னால் தெருவைக் கழுவுகிறது என்பதும் ஒரே படத்தில் வந்துவிடும். விளக்கம் தேவைப்படாது.

மனிதர்களை எடுக்கும்போது சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தெருவில் படம் எடுப்பதற்குப் பிரான்சில் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. அவர்களுடைய சிவில் சட்டத்தின் 9ஆவது பிரிவு தனி வாழ்க்கைக்குப் பாதுகாப்புத் தருகிறது. முகம் அடையாளம் தெரிகிற ஒருவர், குறிப்பாக அவரை இழிவாகக் காட்டினால், வழக்குப் போடலாம். துவைக்கிற கடையும் உன் கட்டடத்து நடையும் தனியார் இடங்கள், அங்கே கேட்டுத்தான் எடுக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளியிடம் முதல் நாள் கேமராவைத் தூக்காதே. வணக்கம் சொல், பெயர் கேள், எடுத்த படத்தை மறுநாள் பிரதி எடுத்துக்கொண்டுபோய்க் கொடு. ஒரு தாளில் சம்மதக் கையெழுத்தும் வாங்கிக்கொள். கூச்சமாக இருக்கும் என்று தெரியும். உன் பிரெஞ்சு இலக்கணத்தைத் திருத்த அவருக்கு நேரம் இருக்காது, தைரியமாகப் பேசு.

கட்டடங்களுக்கும் இது உண்டு. ஈஃபில் கோபுரத்துக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் இரவில் அதன் விளக்கு அலங்காரத்துக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். லூவ்ர் பிரமிடை வடிவமைத்த ஐ. எம். பெய் 2019இல்தான் இறந்தார், அதனால் அதன் காப்புரிமை இன்னும் முடியவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் படத்தைச் சுவரொட்டியில் போட நினைத்தால் இதெல்லாம் தலைவலி. கழித்த மூன்றில் இரண்டு இதிலேயே அடிபட்டுப் போகலாம்.

ஐந்து படங்களையும் ஒரே லென்ஸில் எடு, 35 மில்லிமீட்டர் போதும். தூரம் மட்டும் மாறட்டும்: தெரு, ஆள், கை, பொருள், மறுபடியும் தெரு. எல்லாம் அண்மைக் காட்சியாக இருந்தால் எந்த ஊர் என்று தெரியாது. சிறிதாக அச்செடுத்துத் தரையில் பரப்பி வரிசையை மாற்றி மாற்றிப் பார், திரையில் முடிவு செய்யாதே. குறிப்பு பிரெஞ்சில் இரண்டு வரி. எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன நடக்கிறது. ‘வாழ்வெனும் நதியில்’ என்று ஆரம்பித்தால் நான் உனக்குத் தெரிந்தவன் என்று யாரிடமும் சொல்லாதே.

கடைசியாக, விதிமுறையில் சின்ன எழுத்தில் இருப்பதை இரண்டு தடவை படி. போட்டியை அறிவிக்கவும் கண்காட்சி வைக்கவும் படத்தைப் பயன்படுத்துவோம் என்றால் சரி. எல்லா ஊடகத்திலும், எல்லாக் காலத்துக்கும், எந்தத் தேவைக்கும் என்று இருந்தால் அனுப்பாதே, பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும். பிரெஞ்சுச் சட்டப்படி படத்தோடு உன் பெயர் வரும் உரிமையை நீயே எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் அதற்காக வக்கீலைத் தேடி அலையும் நிலைமை உனக்கு வேண்டாம். போட்டி நகரவாசிகளுக்கா, குடிமக்களுக்கா என்பதையும் பார்த்துக்கொள். ரா கோப்புகளை அழித்துவிடாதே, இறுதிச் சுற்றில் கேட்பார்கள்.

அடுத்த முறை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது படத்தை நசுக்கிவிடுகிறது. கோப்புகளை எங்காவது ஏற்றிவிட்டு இணைப்பை அனுப்பு. கழித்தவற்றையும் சேர்த்து அனுப்பு, முக்கியமாக அந்தத் தேங்காய் நாளின் கோப்பு முழுவதையும்.

அன்புடன்,
அண்ணன்